நான் கடலில் செத்ததற்கு வாங்கிய பத்திரம்

போன வாரம் நீங்கள் மூவரும் பெரியப்பாவின் இறப்புப் பத்திரத்துக்காக அலைந்துவிட்டு வந்து, "அந்த ஆபீஸ்காரனுங்களுக்கு ஈவு இரக்கமே இல்லப்பா" என்று திட்டினீர்கள். நான் சிரித்துவிட்டேன். உங்களுக்குக் கோபம் வந்தது. வரவேண்டியதுதான். ஆனால் பெரியப்பா உண்மையாகவே செத்தவர். செத்தவருக்குப் பத்திரம் வாங்குவது ஒரு வேலையா? உயிரோடு இருக்கிறவனுக்கு வாங்கிப் பாருங்கள். உங்கள் அம்மா வாங்கினாள், எனக்கு.

நான் தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கதையைத் திருத்த வேண்டாம்.

ஜப்பான்காரன் காலம். மலாக்காவில், காஜா பேராங்கில் ஒரு வரிசை வீட்டில் நானும் உங்கள் அம்மாவும் இருந்தோம். கல்யாணமாகாத உங்கள் மாமாவும் எங்களோடுதான். அவர் உஜோங் பாசிர் கடற்கரையில் மீன் வாங்கிக் கூடையில் விற்பவர். நான் பெண்டஹாரா ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்து கொடுப்பவன். துணியே வராமல் போனதும் கடையைச் சாத்திவிட்டார்கள். வேலை இல்லாத தமிழனைக் கண்டால் ஜப்பான்காரனுக்கு அத்தனை பிரியம். உடனே சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவான். போனவர்கள் யாரும் திரும்பி வந்ததை நாங்கள் பார்க்கவில்லை.

எங்கள் வரிசைக்கு ஒரு தலைவரை நியமித்திருந்தார்கள். அவரும் தமிழர்தான். ஒரு நாள் வந்து, "தம்பி, அடுத்த லாரியில உன் பேரு இருக்கு. கம்பளி இருந்தா எடுத்து வச்சுக்க" என்றார். கம்பளியாம்! கட்டியிருந்த சாரோங்கே கிழிசல்.

அன்று சாயங்காலம் மாமா ஒரு யோசனை சொன்னார்.

"மச்சான், நீங்க செத்துருங்க."

"ஏன்டா, லாரிக்காரன் செய்யிறத நீயே செய்யப் போறியா?"

"சும்மா பேப்பர்ல செத்தா போதும்லா. உஜோங் பாசிர் கரையில உங்க சாரோங்கையும் செருப்பையும் வச்சிட்டு வந்துடுறேன். நண்டு பிடிக்கப் போனாரு, அலை இழுத்துட்டுப் போயிருச்சுன்னு சொல்லிடுவோம். பொணம் இல்லாத சாவு. புதைக்கவும் வேணாம், எரிக்கவும் வேணாம்."

விடிவதற்குள் நான் புக்கிட் பாரு போய், மாமாவுக்குத் தெரிந்த ஒருவரின் மரவள்ளித் தோட்டத்துக் குடிசையில் ஒளிந்துகொண்டேன். இனி நான் சொல்வதெல்லாம் அம்மாவும் மாமாவும் பிறகு வந்து சொன்னவை. இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னதை மட்டும் எழுதுகிறேன். மாமா தனியாகச் சொன்னதை எழுதினால் அவரே ஜப்பான் ராணுவத்தைத் துரத்தினதாக முடியும்.

நான் செத்த செய்தி கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அழுதார்களாம். அழுகைக்கு நடுவில் ஒருத்தி, "கெணத்தடியில தண்ணி ஊத்திக்கவே பயப்படுற மனுஷன், கடலுக்கு எதுக்குப் போனாரு?" என்று கேட்டிருக்கிறாள். "பசிதான், வேற என்ன" என்று இன்னொருத்தி சொன்னாளாம். அந்தக் காலத்தில் அந்தப் பதிலுக்கு மேல் யாருக்கும் கேள்வி இருக்காது. என்னைப் பற்றி எழுதப்படாத இரங்கல் செய்தி அவ்வளவுதான்.

தலைவர் மட்டும் அழவில்லை. மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஆள் கணக்கு குறையக் கூடாது. லாரி வர்றதுக்குள்ள ஆபீஸ்ல 'சுராட் மாத்தி'ங்கிற சாவுப் பத்திரத்த வாங்கிட்டு வா. அது இல்லன்னா, செத்தவனுக்குப் பதிலா நீ ஏறு."

இப்போது இரண்டு பேர் உயிர் அந்த ஒரு காகிதத்தில் தொங்கியது.

பெண்டாட்டிதான் நேரில் வந்து கைநாட்டு வைக்க வேண்டும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மாமா உடனே ஏற்பாடு செய்தார். வெள்ளைச் சேலைக்கு எங்கே போவது? இரண்டு மாவுச் சாக்கைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்தார். ஆலையின் சிவப்பு முத்திரை நட்டநடு முதுகில் வந்தது. "பொட்ட அழி. தாலிய எடுத்து அரிசிப் பானைக்குள்ள போடு. போய் அழுதுட்டு வா" என்றார்.

அம்மா சாக்கைத் தூக்கி அவர் மேலேயே எறிந்தாள். "உசுரோட இருக்குற மனுஷனுக்குப் பொட்ட அழிக்க நான் என்ன பைத்தியமா? நீ வேணா கட்டிக்கிட்டுப் போ!"

"எவன் நம்புவான் உன்ன?"

"அறிவுகெட்டவனே, நம்ம வீட்டுல புருஷன் செத்தா அன்னிக்கேவா எடுப்பாங்க? கருமாதி அன்னிக்குத்தான? நம்ம அப்பா செத்தப்ப அம்மா பதினாறு நாளும் பூவும் பொட்டுமா இருக்கலையா? நீ பந்தியில உக்காந்து தின்னதோட சரி, எதையும் பாக்கல."

மாமா சாக்கை மடித்து மூலையில் போட்டார். நல்லவேளை, சாக்கைக் கட்டிக்கொண்டு போயிருந்தால் அதுவே எங்களைக் காட்டிக் கொடுத்திருக்கும்.

ஏனென்றால் ஆபீஸில் எழுதுகிறவர் ஒரு மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழ் வம்சம்; சாவுச் சடங்கெல்லாம் எங்களைப் போலத்தான். எங்கள் பக்கத்துக் கம்போங், அதாவது கிராமத்துக்காரர். தமிழ் அவ்வளவாக வராது, வீட்டில் மலாய்தான். நெற்றியில் மட்டும் எங்களை விடப் பட்டையாகத் திருநீறு. அவருக்குப் பின்னால் மேசையில் வாளோடு ஒரு ஜப்பான் அதிகாரி. அம்மா நெற்றி நிறையக் குங்குமமும் தலையில் பூவுமாகப் போய் நின்று, "புருஷன் கடலில் செத்துவிட்டார்" என்று சந்தை மலாயில் சொன்னாள்.

அதிகாரி அவள் நெற்றியைச் சுட்டிக்காட்டி என்னவோ உறுமினார். அதற்கு முன் வந்த தமிழ்க் கைம்பெண்களில் சிலராவது வெறும் நெற்றியோடு வந்திருப்பார்கள் போல. மாமாவுக்கு வேட்டி நனைகிற நிலை. இதை அம்மா மட்டும்தான் சொன்னாள். ஆனாலும் எழுதிவிட்டேன்.

குமாஸ்தா அம்மாவைப் பார்த்தார். அம்மா தமிழிலேயே கேட்டாள்: "பதினாறாம் நாள்தான் எடுப்போம். உங்க வீட்டுல எப்படி?"

குமாஸ்தா அதிகாரி பக்கம் திரும்பி, "ஆடாட்" என்றார். வழக்கம் என்று அர்த்தம். அதிகாரி வேறு கோப்பைப் பார்க்கப் போய்விட்டார். குமாஸ்தா கைநாட்டு வாங்கிக்கொண்டு, "கடல் சாவு, அக்கா. உடம்பு கரைக்கு வந்தாலும் வரும். பதினாறு முடிஞ்சு வாங்க, பத்திரம் தர்றேன்" என்று மலாயும் தமிழும் கலந்து சொன்னார்.

வெளியே வந்ததும் மாமா தலையில் அடித்துக்கொண்டார். லாரி வருவது அந்தப் பதினாறாம் நாள் காலையில். அது முடிந்து ஆபீஸுக்குப் போனால் அம்மா வெறும் நெற்றியோடு போக வேண்டும், மாமா சயாமில் இருப்பார். எந்தப் பக்கம் பார்த்தாலும் குழி.

அம்மா யாரிடமும் யோசனை கேட்கவில்லை. லாரிக்கு முந்தின நாள், ஆபீஸ் கதவு திறக்கும்போதே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினாறு முடிஞ்சு வரச் சொன்னேனே, அக்கா?"

"முடிஞ்சா நான் வாசப்படி தாண்டக் கூடாது. கருமாதி ஆன பொம்பள ஊர் சுத்தலாமா? உங்க அம்மா சுத்தினாங்களா?"

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தார். அவளுடைய பூவைப் பார்த்தார். வாடாத பூ. அவள் கண்ணும் பதினைந்து நாள் அழுத கண் மாதிரி இருந்திருக்காது. அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் அம்மா சாகும்வரை சொன்னாள். அவர் எழுந்து காகிதத்தை எடுத்துப் போய், அதிகாரி தேநீர் குடிக்கிற நேரம் பார்த்து நீட்டி, முத்திரை வாங்கி வந்தார். கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, "செத்தவர வெளிய நடமாட விடாதீங்க, அக்கா" என்றார்.

எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதலில் அங்கே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பாருங்கள் என்று நான் உங்களுக்குச் சொல்வது அதனால்தான். நாற்காலி வேறு, மனிதர் வேறு.

மறுநாள் காலை லாரி வந்தது. தலைவர் பத்திரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு என் பெயரை அடித்தார். மாமாவை விட்டுவிட்டார். பிறகு அம்மாவின் நெற்றியைப் பார்த்து, "இன்னிக்குத்தானே பதினாறு?" என்றார்.

"சாயங்காலம்தான். எங்க ஆளுங்க புக்கிட் பாருல இருக்காங்க, அங்க வச்சுச் செய்யிறோம்" என்றாள் அம்மா.

லாரி நிறைந்துதான் போனது. என்னோடு கடையில் துணி அளந்தவன் அதில் ஏறினான். அவன் செத்ததற்கு எந்த ஆபீஸிலும் பத்திரம் கிடையாது. அவன் பெண்டாட்டி ஜப்பான் சண்டை முடிந்த பிறகும் பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் வருஷக்கணக்காக இருந்தாள். இதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

சாயங்காலம் அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு, பாத்திரம் பண்டமெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டிக்கொண்டு புக்கிட் பாருக்கு வந்து சேர்ந்தாள். காலையில் வைத்த குங்குமம் வியர்வையில் மூக்கு வரை வழிந்திருந்தது. நான் குடிசைக்குள் பாயில் படுத்திருந்தேன். பத்திரத்தை என் மார்பின் மேல் போட்டாள். என் பெயர், என் வயது, கடலில் மூழ்கி மரணம். எல்லாம் சரியாக இருந்தது. படித்து முடிப்பதற்குள் சத்தம் போட்டாள்.

"செத்துட்டோம்னு சும்மா படுத்திருக்காதீங்க. எழுந்து போய் ராத்திரிக்குக் கெழங்கு புடுங்கிட்டு வாங்க."