எக்குவடோரில் எங்கே போவது என்று முடிவான ஞாயிறு

பிள்ளைகளே, நாங்கள் எக்குவடோருக்குப் போய் வந்த படங்களை எடுத்து வைத்து இப்போதும் சிரிக்கிறீர்கள். மலை, காடு, கடல் எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் போவதற்கு முன் ஒரு மாதம் நான் ஏன் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தேன் என்பது எந்தப் படத்திலும் இல்லை. அதனால் எழுதி வைக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் நான் பிரிட்டனில், லூயிஷாமில் ஒரு அறையில் நாலு பேரோடு இருந்தேன். உங்கள் சித்தப்பா நாட்டை விட்டு வெளிக்கிட வழியில்லாமல் கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தான். ஆட்களை அனுப்பும் ஏஜென்ட் ஒருவன் எனக்குப் போன் எடுத்தான். கனடாவுக்கு இரண்டு பாதை இருக்கிறதாம். ஒன்று தாய்லாந்து வழி, மற்றது எக்குவடோர் வழி. எது என்று தம்பியைக் கேட்டால், "அண்ணை சொல்லுறதுதான்" என்று விட்டுவிட்டான்.

எக்குவடோர் என்ற பெயரை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. என்னிடம் ஒரு சின்ன டயறி இருந்தது. அதன் கடைசிப் பக்கத்தில் உலகப் படம். விரலை வைத்துப் பார்த்தேன். தாய்லாந்துக்கும் கனடாவுக்கும் நடுவில் பெரிய கடல் கிடந்தது. எக்குவடோரில் இருந்து கனடாவுக்கு என் விரல் நீளம்கூட வரவில்லை. "கிட்டத்தானே இருக்கு, அந்த வழியாலேயே விடுங்கோ" என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் யோசித்தது.

ஏஜென்ட் அவனை எக்குவடோரின் கீற்றோ நகரத்தில் ஒரு அறையில் இருத்திவிட்டு, இரண்டு நாளில் வருகிறேன் என்று போனவன் வரவே இல்லை. தம்பிக்கு அந்த ஊர்ப் பாஷை ஒரு சொல் தெரியாது. பஸ் நிலையத்தில் பஸ் கழுவி, பிறகு பஸ் ஓட்டப் பழகி, அம்பாத்தோ என்ற மலை ஊரில் ஒரு பெண்ணைக் கல்யாணமும் செய்து அங்கேயே இருந்துவிட்டான். கடிதம் போடுவான். ஆனால் அந்தப் பாதையைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. "கோவம் எண்டால் எழுதியிருக்கும்தானே" என்று உங்கள் அம்மா சொல்லுவா. எழுதாதபடியால்தான் கோபம் என்று நான் நினைத்தேன். பத்து வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எங்களுக்கு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கிடைத்தது. பள்ளிக்கூட லீவுக்கு டிக்கெட்டும் போட்டோம். பதினைந்து நாள். நீங்கள் நூலகத்தில் இருந்து புத்தகங்களைக் கொண்டுவந்து குசினி மேசையில் பரப்பினீர்கள். ஒரே நாட்டுக்குள் பனி மலை, பெருங்காடு, கடற்கரை, ஆமைத் தீவு எல்லாம் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் தெரியும். மகள் ஒரு பட்டியல் எழுதினாள். மகன் ஆமையைத் தவிர வேறெதையும் எழுத விடவில்லை. நான் வந்து, "ஒரு இடமும் வேண்டாம். பதினைஞ்சு நாளும் சித்தப்பா வீடு" என்றேன்.

"அப்பா, அது ஹொலிடே இல்லை, விசிட்டிங்" என்றாள் மகள்.

அவள் சொன்னது சரி. எங்கள் ஆட்களுக்குப் பயணம் என்றால் சொந்தக்காரர் வீடு. பாரிசுக்கு நாங்கள் மூன்று தரம் போனோம். அந்த இரும்புக் கோபுரத்தைக் கார் கண்ணாடியால் ஒரு தரம் பார்த்தோம். மிச்ச நேரமெல்லாம் பெரியம்மா வீட்டுச் சோபாவில். சொந்தக்காரன் இருக்கிற ஊரில் போய் ஹோட்டலில் படுப்பது அவன் முகத்தில் அடிப்பது மாதிரி. நான் நடுத்தெருவில் விட்ட தம்பிக்கு அதையும் செய்வதா?

"இஞ்சேருங்கோ, அந்த வீட்டில எத்தினை அறை எண்டு கேட்டனீங்களோ?" என்றா அம்மா.

"அதை எப்பிடிக் கேக்கிறது?"

"நாலு பேர் போய் விழப்போறம். கேக்கத்தானே வேணும்?"

நான் கேட்கவில்லை. 'உன் வசதி எப்படியோ அப்படி' என்று எழுதினேன். 'எல்லாம் அண்ணையின் விருப்பம்' என்று பதில் வந்தது. திரும்பவும் எழுதினேன். திரும்பவும் அதே பதில். வாசலில் நின்று, நீங்கள் முதலில் போங்கோ, இல்லை நீங்கள் போங்கோ என்று சொல்லிக்கொண்டிருக்கும் இரண்டு பேர் மாதிரி இருந்தோம். என்னோடு பேச விருப்பமில்லாமல்தான் இப்படி ஒற்றை வரியில் எழுதுகிறான் என்று எனக்குப் பட்டது.

ஒரு ஞாயிறு பின்னேரம் போன் கார்ட் வாங்கி, அவன் வேலை செய்யும் பஸ் நிலையத்துக்கு எடுத்தேன். அங்கே அப்போது காலை. எல்லோரும் கேட்கட்டும் என்று மகன் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினான். சுகம் விசாரித்தோம். மழை விசாரித்தோம். பிறகு திரும்பவும் சுகம் விசாரித்தோம். கார்டில் காசு குறைந்துகொண்டிருந்தது.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "சித்தப்பா, நாங்கள் ஹோட்டலில நிண்டா கோவிப்பீங்களோ?" என்று கேட்டுவிட்டாள்.

நான் அவள் கையைப் பிடித்தேன். அந்தப் பக்கத்தில் பெரிய மூச்சு ஒன்று கேட்டது.

"ஐயோ பிள்ளை, நீ நல்லாயிருப்பாய்! வீட்டில ரெண்டு அறை. அதுக்குள்ள மாமி, மச்சான், ரெண்டு குழந்தையள், ஒரு கோழிக்கூடு. உங்களை எங்க படுக்க வைக்கிறதெண்டு ஒரு மாசமா எனக்கு நித்திரை இல்லை. பஸ்ஸில படுக்க விடுவமோ எண்டுகூட யோசிச்சனான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தா. "நான் சொன்னனான்தானே" என்று கண்ணாலேயே என்னைக் குத்தினா.

"அப்ப ஏன்ரா எழுதேல்லை?" என்றேன்.

"அண்ணை மனம் நோகுமெண்டுதான். நீங்கள் ஏன் கேக்கேல்லை?"

வாய் திறந்துவிட்டதால் மற்றதும் வந்துவிட்டது. "தம்பி, என்னில உனக்குக் கோவமோ?"

"என்னத்துக்கு?"

"அந்த வழியாலே விடச் சொன்னது நான்தானே."

அவனுக்குப் பின்னால் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்தது.

"முதல் ஒண்டரை வருசம் உங்களைத் திட்டினனான் அண்ணை. பொய் சொல்லேல்லை, நல்லாத் திட்டினனான். பஸ் கழுவேக்குள்ள ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு திட்டு. பேந்து ஓட்டத் தொடங்கினாப் பிறகு அதுக்கு நேரமில்லை. கலியாணம் கட்டினாப் பிறகு திட்டுறதுக்கு வேற ஆள் கிடைச்சிட்டுது."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவன் திட்டினேன் என்று சொன்னதுதான் எனக்கு ஆறுதல். திட்டவே இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

பிறகு அவனே இடங்களைச் சொல்லத் தொடங்கினான். அவனுடைய பஸ் காலையில் மலையில் வெளிக்கிட்டு மத்தியானம் காட்டு ஓரத்தில் போய் நிற்குமாம். வழியில் அருவி. பனி மலை அவன் ஊரில் நின்றாலே தெரியுமாம். கடலுக்கு இன்னொரு பஸ். "ஆமைத் தீவு பிளேனில போகவேணும், காசு கூட, அது ஏலாது மகன்" என்றான். மகன் கொஞ்சம் அழுதான். "எங்கட மாமி வளக்கிற ஆமை ஒண்டு இருக்கு, சின்னன். போதுமோ?" என்றதும் அழுகையை நிறுத்திவிட்டான். மகள் வரைபடத்தில் பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டே வந்தாள்.

"அண்ணையும் ஒரு இடம் சொல்லுங்கோ."

"நான் சொல்லமாட்டன். ஒருக்காச் சொன்னது போதும்."

அவன் சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. நானும் சிரித்தேன். அம்மா பென்சிலை என் கையில் வைத்தா. அவன் பஸ் போகும் பாதையில் வெந்நீர் ஊற்று உள்ள ஊர் ஒன்று இருப்பதாகப் புத்தகத்தில் படம் பார்த்திருந்தேன். ஏழு வருடம் ஸ்டோரில் குளிர் அறை வேலை செய்து நோவு பிடித்த கால் எனக்கு.

"அந்தச் சுடுதண்ணி ஊர்" என்றேன்.

"நல்ல இடம் அண்ணை. நானும் லீவு போட்டு வாறன். ஒரு நாள் காணாது, ரெண்டு நாள் போடுங்கோ."

வட்டத்துக்குப் பக்கத்தில் இரண்டு என்று எழுதினேன். கார்ட் முடிந்து போன் கட்டாகிவிட்டது.