அம்மா பேசிய கேசட்

திண்டிவனத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் அந்த வருஷம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "வீடியோ எடுப்பீங்களா?" இல்லை என்றால் போட்டோவுக்கும் எங்களைக் கூப்பிடமாட்டார்கள். நல்ல முகூர்த்த நாளில்கூட அப்பா கடையில் உட்கார்ந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னால்தான் வீடு. அவர் சும்மா இருப்பது அம்மாவுக்கும் தெரியும்.

அம்மாவுக்கு அப்போது குரல் லேசாகக் கம்மியிருந்தது. தொண்டையில் கட்டி. ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரியில் நாள் குறித்திருந்தார்கள். அதற்குப் பிறகு குரல் திரும்புமா என்று சொல்ல முடியாது என டாக்டர் சொன்னதைப் பெரியவர்கள் என் எதிரிலேயே பேசினார்கள். மூன்றாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அது சளிப் பிடித்துக் குரல் கட்டிக்கொள்வதைப் போலத்தான் பட்டது.

விழுப்புரத்தில் தொழிலை விடப்போகிற ஒருவரிடம் இரண்டு வீடியோ கேமராக்கள் இருந்தன. ஒன்று தோளில் வைத்து எடுப்பது, மற்றது கைக்குள் அடங்குவது. இரண்டையும் கொண்டுபோய்ப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அப்பாவும் மாமாவும் நானும் அவற்றை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினோம். மாமா அம்மாவின் அண்ணன். கல்யாணங்களில் அப்பாவுக்கு லைட் பிடிப்பவர். பெரிய கேமராவை அவர் மடியிலிருந்து இறக்கவே இல்லை. கண்டக்டர் அது என்ன என்று கேட்டதுமே எதை வாங்குவது என்று அவர் முடிவுசெய்துவிட்டார்.

"பாத்தீங்களா மாப்ள, பஸ்லயே எட்டி எட்டிப் பாக்கறாங்க. மண்டபத்துல இத தோள்ல வெச்சிக்கினு நடந்தீங்கன்னா தானா வழி வுடுவானுங்க. அந்தச் சின்னத எடுத்துக்கினு போனா, சோப்பு டப்பா எதுக்குயா எடுத்தாந்தன்னு கேப்பான்."

அப்பா சிரித்துக்கொண்டார்.

அம்மா வாசலில் மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா பெரிய கேமராவை அவள் பக்கம் திருப்பி, "எதனா பேசு" என்றார்.

"என்னாத்தப் பேசறது? எங்கண்ணன் அத கொழந்தையாட்டம் மடியில வெச்சிக்கினு வந்தாராமே. பாலு ஆத்தணுமான்னு கேளுங்க."

"அதயே இன்னொரு தபா சொல்லு" என்று அப்பா சின்னதை எடுத்தார்.

"சொன்னதயே சொல்ல நான் என்னா கிளியா?" என்றவள், தெருவுக்கு ஓடிவிட்டிருந்த என்னைப் பார்த்துக் கூப்பிட்டாள். "தம்பி, சாப்ட வாடா, சோறு ஆறுது."

இரண்டையும் டிவியில் போட்டுப் பார்த்தோம். பெரிய கேமராவில் அம்மாவின் சிவப்புப் புடவை பளபளவென்று இருந்தது. ஆனால் அவள் பேச்சுக்கு மேல் ஏதோ மோட்டார் ஓடுகிற மாதிரி இரைச்சல். சின்னதில் படம் சற்று மங்கல். சத்தமோ, மல்லாட்டை ஓடு உடைவதுகூடக் கேட்டது. அப்பா அதையே திரும்பத் திரும்பப் போட்டார். பிறகு, "இதுதான்" என்றார்.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "சத்தத்த வெச்சிக்கினு என்னா பண்ணப்போறீங்க மாப்ள? ஐயரு மந்திரத்துலேந்து பந்தி வரைக்கும் சினிமாப் பாட்டப் போட்டு மூடப்போறோம். கல்யாண கேசட்டுல யாரு பேச்சு யாருக்குக் கேக்குது?"

அவர் சொன்னது நியாயம்தான். அப்போதைய கல்யாண கேசட்டுகளில் மனிதர் குரலே இருக்காது. எல்லோரும் வாயை அசைப்பார்கள், பாட்டு ஓடும். ஜனங்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது.

"இருக்கட்டும் மச்சான்" என்றார் அப்பா.

மாமாவே பெரியதைக் கொண்டுபோய் விழுப்புரத்தில் கொடுத்துவிட்டு வந்தார். கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அவர் பயந்தபடிதான் நடந்தது. முதல் கல்யாணத்தில் அப்பா எடுத்துக்கொண்டிருக்கும்போதே பெண்ணின் அப்பா வந்து, "கேமரா எப்ப சார் வரும்?" என்று கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து அம்மா வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் கட்டு. பேசினால் காற்று மட்டும்தான் வந்தது. கட்டு பிரித்த பிறகும் அப்படியே இருந்தது. அப்பா சின்ன கேமராவில் எடுத்ததை வீடியோ டெக்கில் போடுகிற கேசட்டில் ஏற்றி அலமாரியில் வைத்தார்.

ஒரு மத்தியானம் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்தேன். "தம்பி, சாப்ட வாடா, சோறு ஆறுது" என்று பழைய குரல் கேட்டது. ஓடினேன். டிவிக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள். டெக்கின் பட்டன்மேல் விரல். சத்தமே இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அப்படித்தான் என்னைக் கூப்பிட்டாள். மற்றப் பையன்களை அவரவர் அம்மா வாயால் கூப்பிட, என்னை மட்டும் டிவியில் கூப்பிட்டதில் எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்பாதான் ஒருநாள், "தெனம் போட்டா கேசட் தேஞ்சிடும்" என்றார்.

அம்மா பேசுவதைக் கேட்க நாங்கள் கிட்டத்தில் குனிய வேண்டியிருந்தது. "பூட்டி வெச்சா மட்டும் யாரு வந்து சாப்புடுவாங்க?"

அதற்கப்புறம் அந்தக் குரல் கேட்டதும் அப்பா, கடையில் ஆள் இருந்தாலும், "தோ வந்துட்றேங்க" என்று எழுந்து உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். கூப்பிட்டது என்னை, இவர் எதற்கு வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. என் தட்டைக் கொஞ்சம் என் பக்கமாக இழுத்துக்கொள்வேன்.