நாலு வீட்டுக்கு நாலு குளியலறை

விக்கிரமசிங்கபுரத்தில் நான் வாங்கியது ஒரு வளவு. ஒரே முற்றம், வரிசையாக நாலு வீடு, நாலிலும் வாடகைக்கு இருப்பவை மில் குடும்பங்கள். அதை வாங்குவதற்காக, கடற்கரையில் அப்பா கட்டிய வீட்டை வங்கியில் ஈடு வைத்தேன். வருகிற வாடகையைவிடத் தவணை கூடுதல். வாடகையை ஏற்றாவிட்டால் அப்பா வீடு போய்விடும்.

ஏற்றுவதற்கு ஒரு காரணம் வேண்டுமே? வீட்டுக்கு ஒன்றாகக் குளியலறை கட்டினேன். போர் போட்டுக் குழாய் இழுத்து, ஓடு பதித்து, பெரிய ஜன்னலும் வைத்தேன். எங்கள் ஊரில் நல்ல தண்ணீரைக் குடம் குடமாக விலைக்கு வாங்குவோம். அரை வாளியில் குளித்து வளர்ந்தவள் நான். திருகினால் தலையில் கொட்டுகிற குழாயை எவள் வேண்டாம் என்பாள்?

கூடுதல் வாடகை கேட்டபோது வளவில் இருந்த பெண்கள் எல்லோருமே வேண்டாம் என்றார்கள். அதுவும் சண்டை போட்டு அல்ல, சிரித்துக்கொண்டே. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அதைவிட, இந்த அறைகளுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது என்று பார்க்கிற ஆசை வந்தது. முதல் கதவைத் திறந்தால் சைக்கிள், பக்கத்தில் வெங்காய மூட்டை. இரண்டாவதில் விறகு. மூன்றாவதில், அடிப்பாவி, அந்த வீட்டுப் பெண் தையல் மிஷின் மிதித்துக்கொண்டிருந்தாள்!

"நல்ல வெளிச்சம்லா யக்கா," என்றாள். "குழாய் வாயில துணிய அடைச்சிட்டேன், சொட்டாது."

"அப்போ குளிக்கது எங்க?"

"ஆறு அங்கன ஓடும்போது வாளியில எவ மோந்து குளிப்பா? வீட்டுல குளிச்சா, மேலுக்கு முடியலையான்னு தெருவே விசாரிக்க வந்துரும். குளிக்காத ரூமுக்கு எங்ககிட்ட வாடகை கேக்கிய!"

நாலாவது கதவில் பூட்டு தொங்கியது. ஆடு வளர்க்கிறாரோ என்னவோ என்று எனக்குத் தலை வெடித்தது. அந்த வீட்டுக்காரர் மில்லிலிருந்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் பூட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு புது வாளி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பிடித்துக்கொள்ள ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு. தரை உலர்ந்து சுத்தமாக இருந்தது.

"எம் பொஞ்சாதி கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கா. ஆத்துப் படியில இனி எறங்க முடியாது. தெறந்து போட்டா இதுலயும் சைக்கிளை ஏத்திருவாவ," என்றார். "கூட்டுன வாடகைய நான் தாரேன்க்கா."

மற்ற மூன்று வீட்டாரும் பழைய வாடகைதான் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வீட்டுப் பணம் தவணைக்குக் காணாது. ஈடு வைத்த அப்பா வீட்டை இனி மீட்க முடியாது என்று அன்றைக்கே மனது விட்டுப்போய், அவர்கள் முன்னாலேயே சொல்லிப் புலம்பினேன்.

அடுத்த மாதம் நான் போன நேரம் அவர் மனைவி வந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அன்றுதான் முதல் குளியல். நானே போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அவள் ஒரு கை தண்ணீர் பிடித்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"போர் தண்ணியா? முடி சிக்குப் பிடிச்சிரும். எனக்கு வேண்டாம்."

"ஏட்டி, காலு ஒடிஞ்சும் வாய் ஒடியலையே!" என்று கத்தினேன்.

அப்போது ஆற்றிலிருந்து ஈரத்தலையோடு வந்த தையல்காரி, இடுப்பிலிருந்த குடத்தை அந்த வாளியில் கவிழ்த்தாள். பின்னால் வந்த மற்ற இரண்டு வீட்டுப் பெண்களும் கவிழ்த்தார்கள். கால் ஒடிந்தவள் நாற்காலியில் தலை குனிந்து உட்கார, தையல்காரியே முதுகு தேய்த்துவிட்டாள். இன்னும் ஒரு குடம் வேண்டும் என்றார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனேன்.

அதுவரை அந்த ஆற்றில் நான் கால் நனைத்ததில்லை. குடத்தை முக்கலாம் என்று இறங்கியவள் இடுப்பளவுக்குப் போய்விட்டேன். தண்ணீர் அது பாட்டுக்குப் போகிறது, யாரும் அளக்கவில்லை. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முங்கி முங்கி எழுந்து, குடத்தை மறந்தே போனேன்.

சொட்டச் சொட்ட வளவுக்கு வந்தபோது அந்த அம்மாள் குளித்து முடித்துத் தலை காயப் போட்டிருந்தாள். தையல்காரி என்னைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு பணத்தை நீட்டினாள்.

"எவளுக்கும் ஒருநா முடியாமப் போவும்லா. மூணு வீட்டுலயும் பேசிட்டோம், நீங்க கேட்டதைத் தாரோம். உங்க அய்யா வீட்டை மீட்டிருங்க. மிஷினை மட்டும் இப்போ எடுக்கச் சொல்லாதிய."