சித்தியின் கையில் வந்த வயலட் வாசனை

கடைக்காரப் பெண் என் மணிக்கட்டில் வயலட் சென்ட் தடவினாள். பவுடர்போல இனித்தது, சட்டென்று மறைந்தது, கொஞ்ச நேரத்தில் தானே திரும்பி வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில், அரியலூரில் என் அம்மா பூசியதும் இதுதான்.

எனக்கு ஆறு வயதில் அம்மா காலராவில் இறந்துபோனாள். சென்ட் பாட்டிலையும் அவளோடு புதைத்துவிட்டார்கள். மறுவருடம் அப்பா சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அவளிடம் பேசவே இல்லை.

ஒரு மத்தியானம் சித்தி எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து அம்மாவின் வாசனை வந்தது.

"எங்கம்மா சென்ட்ட ஏன் போட்டீங்க?" என்று கத்தினேன்.

"நான் ஒண்ணும் போடலம்மா" என்றவள், கையை முகர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்ச் சீயக்காய் தேய்த்துக் கழுவினாள். வாசனை போய்விட்டது. பின்னி முடிப்பதற்குள் திரும்பி வந்தது.

சித்தி ஆளில்லாத வாசலைப் பார்த்து, "அக்கா, புள்ளைய நான் நல்லா பாத்துக்கறேன். நீங்க போங்க" என்றாள்.

எனக்கு அழுகை வந்தது. "போயிட்டு வாங்கன்னு சொல்லுங்க சித்தி" என்றேன். அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

சித்தி என்னை இறுக்கி அணைத்துக்கொண்டாள். வெகுநேரம் தயங்கினாள். பிறகு, சொன்னாள்.