சந்தனம் படக் கூடாத கண்ணாடி

"...கிரைண்டருக்கு வெச்சாச்சு, ஸ்கூட்டருக்கு வெச்சாச்சு, என் புள்ளையோட படிப்பே இதுலதான் இருக்குதுன்றான், இதுக்குப் பொட்டு வெக்கலன்னா எப்டிம்மா?" என்று பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கேட்டார். இடது கையில் உள்ளங்கை அகல வட்டக் கண்ணாடி. வலது கை விரல்களில் குழைத்த சந்தனம்.

இரண்டாயிரத்து ஏழு, ஆயுத பூஜை. காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் எங்கள் தெரு; பூஜைக்கு உதவ அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன்.

குளித்துவிட்டு வந்த அவர் மகன் அறை வாசலிலேயே நின்றுவிட்டான். "அம்மா, அசையாத! பேசாத, எச்சி தெறிக்கும்!"

அவன் பெங்களூரில் ஆராய்ச்சி செய்கிறவன். வெளிநாட்டிலிருந்து வந்த அந்தக் கண்ணாடியைச் சென்னையில் வாங்கிக்கொண்டு, பண்டிகைக்காக வீட்டில் இறங்கியிருந்தான். அதிகம் படிக்காத எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எந்தக் குளிரும் எட்டாத குளிரில் அணுக்களை அடக்கி வைப்பார்களாம். லேசர் ஒளி இந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்ப, போகிற ஒளியும் வருகிற ஒளியும் சேர்ந்து முட்டை அட்டை மாதிரி குழி குழியாகுமாம். குழிக்கு ஓர் அணு. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பக்கத்துக் குழிக்காரனைப் பார்த்து அதே பக்கம் திரும்புமா, எதிர்ப்பக்கம் திரும்புமா என்பதுதான் அவன் படிப்பு. "அதுக்கு பெங்களூர் எதுக்குடா? நம்ம தெருவுலயே பாக்கலாமே!" என்று முந்தின நாள்தான் அக்கா கேலி செய்திருந்தார்.

இப்போது சிரிப்பில்லை. சந்தனத் துகள் பட்டாலே மேல்பூச்சில் கீறல் விழும், இன்னொன்று வர மாதக்கணக்காகும், அதுவரை எல்லாம் நின்றுவிடும் என்று அவன் சொல்லச் சொல்ல, அக்காவின் இடது கை விரல்கள் வியர்த்தன. விளிம்பில் பிடி நழுவி, கண்ணாடி மெல்ல வழுக்கியது. அவன் தாண்டி வரலாமென்றால் நடுவில் தரை முழுக்க எரிகிற விளக்குகள். என் கையிலோ கற்பூரத் தட்டு. 'பதறாத காரியம் சிதறாது' என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். அன்று தட்டை வைக்க இடம் தேடியே சுற்றிக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு கையாலயும் ஓரத்தப் புடிம்மா!"

"இந்தக் கை பூரா சந்தனம்டா!"

கண்ணாடி இன்னும் கொஞ்சம் இறங்கியது.

பிள்ளையின் படிப்பு புரியாத தாய் என்று யாரையாவது யாராவது சொன்னால், நான் வாதாடுவதில்லை. அடுத்த நொடி அக்கா செய்தது மட்டும் கண்ணுக்குள் வரும்: தன் கல்யாணப் பட்டின் ஜரிகை முந்தானையில் வலது கையை அழுத்தித் துடைத்துவிட்டு, கண்ணாடியை இரண்டு கையாலும் விளிம்போடு பிடித்துக்கொண்டார்.