எலுமிச்சம்பழம் ஏறிய டீசல் எஞ்சின்

அன்று குற்றாலம் பங்களாவில் இருந்தவர்கள்: புளியங்குடியில் எலுமிச்சம்பழக் கமிஷன் மண்டி வைத்திருந்த முதலாளி, அவருடைய கணக்குப்பிள்ளை, சமையல்காரர், கூட்டுறவுச் சங்கத்தின் தலைவர், அவருக்குத் தலையாட்டும் நான்கு டைரக்டர்கள், தேங்காய் உடைக்க வந்த பூசாரி, பிறகு நான். வராதவர்கள் இரண்டு பேர். ஒருவர், முதலாளியின் மருமகன்; ஜெர்மனியிலிருந்து அந்த ரயிலை அனுப்பிவைத்தவர். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். இன்னொருவர் என் அப்பா. அவர் முதலாளியின் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அன்றைக்குக் கேரளாவுக்கு இரண்டு லாரி லோடு இருந்தது.

ரயில் என்றால் பொம்மைதான். அந்த வார்த்தையை மட்டும் முதலாளி முன்னால் சொல்லிவிடக் கூடாது. முழங்கை நீளத்தில் சிவப்பு டீசல் எஞ்சின், வயிற்றுக்குள் பேட்டரி. டிரான்சிஸ்டர் மாதிரி ஏரியல் நீட்டிய ஒரு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே ஓட்டலாம், நிறுத்தலாம், ஹாரன் அடிக்கலாம். அந்த வருஷம் தென்காசி ஸ்டேஷனில் கரி எஞ்சின்தான் இருமிக்கொண்டு நின்றது. சர்க்கார் கொண்டுவராத டீசலைத் தன் குற்றாலம் பங்களாவில் குரோட்டன்ஸ் செடிகளைச் சுற்றிக் கொண்டுவந்துவிட்டதாக முதலாளி பக்கத்து ஊர் மேலகரம் வரை சொல்லிவைத்திருந்தார்.

நான் இதில் எப்படி வந்தேன் என்றால், பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்ததால் வந்தேன். எங்கள் குடும்பத்தில் கையெழுத்துப் போட்ட முதல் ஆள் நான். சங்கத்தில் கிளார்க் வேலை ஒன்று காலியாக இருந்தது. முதலாளியும் அங்கே ஒரு டைரக்டர். அப்பா தோளில் மூட்டையோடு அவர் முன்னால் நின்று, "மொதலாளி, எம் மவனுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று கேட்டபோது அவர் சொன்னாராம்: "ஏலே, ஒம் மவன் எங்க ரயில ஓட்டிக் காட்டட்டும். சாரல் நேரத்துல சங்கத்து ஆளுக எல்லாம் பங்களாவுக்குக் குளிக்க வாராக. அவுக முன்னால ஓடிட்டா, வேல அவனுக்குத்தான்."

உலகத்தில் கிளார்க்குக்கு வைத்த பரீட்சைகளில் இது எத்தனையாவது என்று எனக்குத் தெரியாது. நான் சிரத்தையாகப் போனேன். பெட்டியிலிருந்த புத்தகத்தைப் புரட்டினால் முழுக்க ஜெர்மன். சுற்றி நின்றவர்கள், "இங்கிலீசுல என்ன போட்டிருக்கான்?" என்று கேட்டார்கள். "ஜாக்கிரதையாக் கையாளணும்னு போட்டிருக்கான்" என்றேன். படங்களைப் பார்த்துப் பார்த்து நான்கு நாளில் பித்தளைத் தண்டவாளத்தைப் பூட்டி, பேட்டரி போட்டு, ஓடவும் வைத்துவிட்டேன். கணக்குப்பிள்ளை மட்டும் ஏரியலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல சிலோன் ரேடியோ எடுக்குமா தம்பி?" என்று கேட்டார்.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. சங்கத்து ஆட்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம்தான் முதலாளிக்குப் பூஜை ஞாபகம் வந்தது.

"புது வண்டில்லா? பழம் ஏத்தாம எப்படி எடுக்க?"

காரோ லாரியோ வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கித்தான் எடுப்போம். நாட்டு நடப்பு. ஆனால் இந்த எஞ்சினின் எடை நாலு கிலோ. முதலாளி தன் மண்டியிலேயே பொறுக்கியெடுத்த முதல் ரகப் பழத்தைத் தண்டவாளத்தில் வைத்தார். நான் விசையைத் தள்ளினேன். எஞ்சின் பழத்தில் முட்டியது, முன்னங்கால் தூக்கிய கன்றுக்குட்டி மாதிரி எழுந்தது, பக்கவாட்டில் சாய்ந்து குரோட்டன்ஸுக்குள் விழுந்தது. பழத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

முதலாளிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் பழத்தை எடுத்து வேட்டியில் துடைத்துக் கணக்குப்பிள்ளையிடம் காட்டினார். "பாத்தீரா ஓய்! ஜெர்மன்காரன் எஞ்சினால நசுக்க முடியாத பழம்!"

நான் எடை, உராய்வு என்று தொடங்கி, பழம் இல்லாமலே எடுத்துவிடலாம் என்று சொன்னேன்.

"எலே படிச்சவனே, எலுமிச்சம்பழ யாவாரி வீட்டு வண்டி பழம் ஏறாமக் கெளம்புனா நாளைக்கு மண்டியில என்ன பேசுவான்? அண்ணாச்சிகிட்ட ரெண்டு பழத்துக்கு வக்கில்லம்பான்."

"அப்ப ரெண்டா வெட்டி வைக்கலாமா மொதலாளி?"

"வெட்டுனா திருஷ்டிக்குல்லா? வண்டிக்கு முழுப்பழம்தான். நசுங்கணும். நீ என்ன செய்வியோ எனக்குத் தெரியாது."

அடுப்படியில் போய் உட்கார்ந்தேன். நியூட்டன் கைவிட்ட இடத்தில் சமையல்காரர் கைகொடுத்தார். பரணிலிருந்து ஒரு ஜாடியை இறக்கினார். ஊறுகாய்க்காகப் பத்து நாளாக உப்பில் கிடக்கும் முழுப்பழங்கள். பார்வைக்குப் பழம், தொட்டால் பஞ்சு. "மஞ்சளத் தடவி, குங்குமத்த வச்சா மாப்பிள்ளை மாதிரி இருக்கும். ஒரு பயலுக்குத் தெரியாது" என்றார். சின்னதாக இரண்டைப் பொறுக்கிக்கொண்டேன். கல்லூரியில் மூன்று வருஷம் படித்தவன் செய்கிற காரியமா இது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கிளார்க் வேலை என்று இன்னொரு தரம் நினைத்துக்கொண்டதும் அந்தத் தோன்றல் போய்விட்டது.

காலையில் சாரல் பூப்போல விழுந்துகொண்டிருந்தது. சங்கத் தலைவரும் டைரக்டர்களும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு, பசியும் சிவந்த கண்களுமாக வந்து வட்டமாக நின்றார்கள். தலைவரும் புளியங்குடியில் பழ மண்டிதான் வைத்திருந்தார். அவர் ரயிலைக் குனிந்து பார்த்து, "சின்னப் புள்ளைக்கு வாங்குனதா அண்ணாச்சி?" என்று கேட்டார். முதலாளி பூசாரிக்குக் கையைக் காட்டினார். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, தண்டவாளத்துக்கு ஒன்றாகப் பழம் வைத்தாயிற்று. ஹாரன் அடித்து விசையைத் தள்ளினேன்.

எஞ்சின் ஏறியது. பழம் நசுங்கியது. பச்சக்கென்று பீய்ச்சிய சாறு, இன்னும் குனிந்தே நின்ற தலைவரின் முகத்தில் போய் அடித்தது.

கைதட்டல் எழும்பிப் பாதியில் நின்றது. தலைவர் கண்ணைக் கசக்கினார், உதட்டை நக்கினார், மறுபடியும் நக்கினார்.

"அண்ணாச்சி, உப்புக் கரிக்கு."

"என்னது கரிக்கு?"

"ஒங்க பழம்தான். ஊறுகாயல்லா வைக்கிய! ஒங்க மண்டிப் பழம் மூட்டையிலயே ஊறிப் போவுதோ?"

டைரக்டர்கள் சிரித்தார்கள். அதற்குள் உப்புத்தண்ணீர் எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கிவிட்டது. நிறுத்தும் விசையை அழுத்தினேன், நிற்கவில்லை. ஏரியலை முழுக்க நீட்டி அழுத்தினேன். ஹாரன் அடித்தது, நிற்கவில்லை. தூக்கிவிடலாம் என்று குனிந்தேன். "ஓடுத வண்டியத் தூக்காதல, அபசகுனம்!" என்று முதலாளி கத்தினார். ஆகவே அது பேட்டரி தீரும் வரை சுற்றியது. சுற்றுக்கு ஒரு தரம் ஊறுகாய் வாசனையோடு எங்களைக் கடந்து போனது. விருந்தாளிகள் இலை போட்டு இட்லி சாப்பிட்டு முடித்தார்கள். தலைவர் மட்டும் இலையில் வைத்த ஊறுகாயைத் தொடாமல், "இது எந்த மண்டிப் பழம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமைக்குள் அந்தப் பேச்சு ரயிலைவிட வேகமாகப் போய்விட்டது. புனலூரிலிருந்து வழக்கமாக வாங்குகிற வியாபாரி, அழுகல் பழம் வருகிறதாமே என்று டிரங்க் கால் போட்டுக் கேட்டான். முதலாளியின் மூட்டைக்கு மட்டும் விலை இறங்கியது. இரண்டு லாரி ஒரு லாரி ஆனது. மூட்டை குறைந்தால் கூலி குறையும். அப்பா மத்தியானமே வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தார். என்னிடம் "ரயிலு நல்லா ஓடுச்சாமே" என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் தாங்கவில்லை. மறுநாள் காலை, ஏலக் கூட்டம் கூடியிருந்த நேரமாகப் பார்த்து மண்டிக்குப் போய், எடைத்தராசுப் பலகை மேல் ஏறி நின்று உள்ளதைச் சொன்னேன். பழத்தில் குற்றமில்லை, நல்ல பழம் நசுங்காததால் நான்தான் ஊறுகாய்ப் பழத்தை வைத்தேன் என்று.

"படிச்ச பய பொய் சொல்ல மாட்டாம்ல" என்றார் ஒருவர்.

"படிச்ச பயதாம்ல பொய்யக் கோர்வையாச் சொல்லுவான். மொதலாளி எவ்வளவு குடுத்தாராம்?" என்றார் இன்னொருவர்.

முதலாளி சமையல்காரரை ஜாடியோடு பஸ் ஏற்றி வரவழைத்தார். ஏலக்காரர்கள் ஆளுக்கொரு துண்டு நக்கிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் பழைய விலை திரும்பியது. ஜாடி காலி. உண்மை ஜெயித்தது என்று நான் வீட்டுக்கு நடந்தேன்.

பத்து நாள் கழித்துக் கணக்குப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினார். முதலாளிக்கு என்மேல் கோபமே இல்லை, வேலை எனக்குத்தான் என்று தலைவரிடமும் பேசி முடித்துவிட்டார் என்றார். அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆனா ஒரு சங்கடம் பாத்துக்கோ" என்று கணக்குப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "சும்மா குடுத்தா ஊரு என்ன சொல்லும்? பொய்ச்சாட்சி சொன்னதுக்குக் கூலிம்பான். மறுபடியும் பழத்து மேலல்லா சந்தேகம் வரும்? அதனால எல்லார்கிட்டயும் துட்டு வாங்குத மாதிரி ஒன்கிட்டயும் வாங்கித்தான் குடுக்கணும்னு மொதலாளி அபிப்பிராயப்படுதாரு. அதுதான் நேர்மை."

நான் வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலேயே கையைக் காட்டி அடக்கினார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. சும்மா வந்த வேலை சும்மாவே போய்விடும், துட்டுக் கொடுத்து வாங்கிய வேலையை எவன் பிடுங்குவான் என்று பிறகு எனக்கு விளக்கினார். பசுவையும் கன்றையும் விற்றார்கள். அம்மாவின் காது வெறுங்காதானது. நான் இன்றும் அந்தச் சங்கத்தில்தான் கிளார்க். வேலைக்கு ஊருக்கெல்லாம் உள்ள விலை மூவாயிரம். எஞ்சினைப் பழுதாக்கியதற்குத் தனியாக முந்நூறு. ஆக மொத்தம் மூவாயிரத்து முந்நூறு ரூபாய்.