வண்டியில் வந்த அடுக்களை

ஒருவராலும் நம்ப முடியாத ஒரு வரலாற்றைச் சொல்வேன் என்று அருவிமீது ஆணையாக உறுதி கூறுகிறேன். காண்ட்ராக்டர் சண்முகவேலு அண்ணாச்சி காலமான செய்தி போன வாரம் வந்தபோது, குற்றாலத்து அருவி பாதி விழுந்தபடியே நின்றுவிட்டது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சோப்பு நுரையோடு துக்கம் காத்தார்கள்.

அண்ணாச்சியை அறிந்தவர்கள் அவர் மனைவி கோமதி மதினியின் கோபத்தையும் அறிவார்கள். அந்தக் காலத்தில் அவர்களுடையது கூட்டுக் குடும்பம், ஒரே அடுக்களைக்குள் நான்கு ஓரகத்திகள். "தனி அடுக்களை வந்தா நானும் வாரேன்" என்று மதினி இலத்தூருக்கு, பிறந்த வீட்டுக்குப் போய்விட்டார். அண்ணாச்சிக்குத் தென்காசிக் கடைத்தெருவில் இருந்த மனையோ, யானை உட்கார்ந்தால் வால் அடுத்தவன் இடத்தில் கிடக்கும்.

"அகலம் இல்லன்னா என்னலே, ஆகாசம் கெடக்குல்லா?" என்றார், அவரிடம் வேலை பார்த்த என்னிடம். அறைகளைத் தனித்தனிச் சிமெண்டுப் பெட்டிகளாக வார்த்து, கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் குட்டி வீடுகள் ஆக்குவது திட்டம். வார்த்தது குற்றாலத்தில். "சிமெண்டு இறுக நனைச்சுக்கிட்டே இருக்கணும். அங்கன சாரல் சும்மாதான விழுது?"

அது சீசன், லாட்ஜுகளில் இடமில்லை. ரோட்டோரம் கதவு ஜன்னலோடு நின்ற அடுக்களைப் பெட்டியைப் புது லாட்ஜ் என்று நினைத்து மதுரைக்காரர் ஒருவர் உள்ளே புகுந்தார். உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்து, ஊறட்டும் என்று கண்ணயர்ந்தார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் அண்ணாச்சி பெட்டியை வண்டியில் ஏற்றி, நாற்பது ஜோடி மாடு பூட்டி இழுக்கச் சொன்னார். மாடுகள் விட்ட பெருமூச்சில் வழியெல்லாம் தென்னைகள் சாய்ந்தன.

தென்காசியில் பெட்டியை இறக்கி வைத்த அன்றுதான் மதினி பார்க்க வந்தார். கதவைத் திறந்தால், துண்டு கட்டிய மதுரைக்காரர் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்று, "அருவிக்கு எந்தப் பக்கம் போகணும்?" என்கிறார்.

அண்ணாச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. மதினி இப்போது திரும்பிப் போனால் போனதுதான்.

"இந்த ஆளையும் சேத்தா தாறிய?"

"இல்லட்டி, அடுக்களை மட்டுந்தான்."

"தரையெல்லாம் எண்ணெய். யாரு கழுவ?"

"நான் கழுவுதேன்."

மதினி சுற்றிலும் பார்த்தார். "பொறவென்ன? அடுப்ப எங்கன வைக்க?"

அருவியை நம்ப வேண்டாம். மாடுகளை, மதுரைக்காரரை, யாரையுமே நம்ப வேண்டாம். ஆனால் மதினி அந்த அடுக்களையில் போட்ட முதல் காப்பியை அண்ணாச்சி குடிக்கவில்லை. தம்ளரைப் பிடித்தபடி அடுப்படியில் நின்ற மதினியையே பார்த்து நின்றார். "ஆறிப்போச்சு அண்ணாச்சி" என்றேன்.

"பொறுலே. அவ நிக்காளான்னு பாத்துக்கிடுதேன்."

அந்தக் குரலைத்தான் நான் அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். அது மட்டும் நிசம்.